லட்சுமி கலண்டரின் பொட்டு

பொதி கட்டும்போது அம்மாவும் அக்காவும் நானும் இருந்தோம். வாங்குபவர் கனடாவில் இருந்தார். நாங்கள் இணையத்தில் விற்றது, அப்பா வேலை செய்த கண்டிக் கடையின் பழைய லட்சுமி கலண்டர். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் விற்பனை விபரத்தை நான்தான் எழுதினேன்: மூலைகளில் மடிப்பில்லை, பின்பக்கம் லேசான பழுப்பு, படத்தில் கறையில்லை.

இப்போது பார்த்தால், லட்சுமியின் நெற்றியில் ஈரச் சந்தனம்.

"வீட்டை விட்டுப் போறா. வெறும் நெத்தியோட அனுப்பிறதே?" என்றார் அம்மா.

"கறை எண்டு எழுதிப்போடாத தம்பி, லட்சுமி கோவிப்பா," என்று அக்கா சிரித்தாள்.

துடைத்தால் சாயம் போய்விடும். மறைத்தால் என் எழுத்தை இனி யாரும் நம்பமாட்டார்கள். 'நெற்றியில் புதுச் சந்தனப் பொட்டு, அம்மா வைத்தது' என்று விபரத்தைத் திருத்தி அவருக்கு அனுப்பினேன். அவர் வாங்கினார், ஆனால் விலையில் மூவாயிரம் ரூபாயைக் குறைத்துக்கொண்டார்.