கேட்டில் திறக்காத பை

பக்கத்து வீட்டு பாத்திமா பழவேற்காட்டுக்காரி. நோன்பு மாதத்தில் அவள் கடல்பாசி காய்ச்சினால் போதும், அந்த வாசனை சுவர் தாண்டி வந்து என்னைக் கும்மிடிப்பூண்டியில் கொண்டுபோய் விட்டுவிடும். இனிப்புக்காகத்தான் காய்ச்சுகிறாள். என் கையென்னவோ சோப்புத் தண்ணீரைத் தேடுகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. ஆரம்பாக்கத்தில் ரயிலேறி, கும்மிடிப்பூண்டியில் நுண்ணுயிர் உரம் செய்யும் கம்பெனிக்குப் போய்வந்தேன். அங்கேயும் கடல்பாசிதான், சர்க்கரை மட்டும் கிடையாது. கண்ணாடித் தட்டில் ஊற்றி, அதன்மேல் கிருமி வளர்த்துப் பார்ப்பார்கள். பிறகு கிருமி சாகத் தட்டை அவித்துக் கொடுப்பார்கள், நாங்கள் கழுவுவோம். கழுவும் அறைக்கு நான்தான் பெரியவள். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் நான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் ஒரு தட்டும் லேபுக்குள்ளே போகாது. கர்வம்தான், இருக்கட்டும்.

தட்டு காணாமல் போகிறதென்று சாயங்காலம் கேட்டில் எங்கள் டிபன் கேரியரைத் திறந்து பார்ப்பார்கள். வாட்ச்மேன் குனிகிற குனிவைப் பார்த்தால், மிச்சமிருக்கும் கருவாட்டுக் குழம்பைத் தேடுகிறாரோ என்று தோன்றும்.

அப்போதுதான் லேபுக்குப் புதிதாக ஒருவரை வேலைக்கு எடுத்தார்கள். உயிரியல் படித்தவராம். வெள்ளைக் கோட்டு கிடையாது. தட்டைத் தொடவும் மாட்டார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். லேப் பெண்தான் காதில் போட்டாள்.

"எந்தக் கிருமி எந்த மண்ணுல பொழைக்கும்னு இனிமே கம்ப்யூட்டரே சொல்லிடுமாம்க்கா. அதுக்கு சாஃப்ட்வேர் எழுதத்தான் இவர எடுத்துக்கீறாங்க. இத்தினி தட்டு வேணாமாம்."

தட்டு வேண்டாமென்றால் தட்டுக் கழுவுகிறவள் எதற்கு? அன்றிலிருந்து அவர் டீ குடிப்பதைக்கூட ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

"எப்படிம்மா கழுவுறீங்க? சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

"சும்மா தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போற நைனா?"

சிரித்துவிட்டுப் போனார். சிரிக்கிறவரை நம்பவே கூடாது.

அவர் பையை மட்டும் கேட்டில் திறப்பதில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்க ஊட்டுச் சோத்த மோந்து பாக்கறியே, அந்த சார் பையில இன்னா, சாமி படமா கீது?" என்றேன் வாட்ச்மேனிடம்.

காதில் விழுந்ததோ என்னவோ, அவரே திரும்பி வந்து எங்கள் வரிசையின் கடைசியில் நின்று பையைத் திறந்து காட்டினார். பிறகு தினமும் அப்படித்தான். நடிப்பு என்றே நினைத்தேன்.

சாஃப்ட்வேர் எழுதி முடிந்தது. முடிந்த கையோடு அவரையும் போகச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு முன்னால் அவர்.

கடைசி நாள் வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். பையில் துண்டு சுற்றிய கண்ணாடித் தட்டு ஒன்று.

"இன்னா சார் இது?" என்றார் வாட்ச்மேன்.

அவருக்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான் குடுத்தேன். விரிசல் வுட்டது. மூடி அனுப்புய்யா."

விரிசலும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை. ஏன் சொன்னேனோ. அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ரயிலடிப் பக்கம் நடந்தார்.

அப்புறம் கொஞ்சம் தட்டே போதுமென்று ஆனது. அதுவும் பிளாஸ்டிக், ஒருமுறை பார்த்து எறிவது. எங்களையும் அனுப்பிவிட்டார்கள். கழுவும் அறையில் இப்போது அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறதாம். நாங்கள் கழுவியதில் மிச்சமிருப்பது அவர் கொண்டுபோன அந்த ஒரு தட்டாகத்தான் இருக்கும். திறந்து பார்ப்பார்கள் என்று தெரிந்தே அதை ஏன் பையில் வைத்தார்? இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.