எஸ்தர் அக்கா கேட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்

கேட் பாஸில் கையெழுத்து இல்லாததால்தான் எஸ்தர் அக்கா செத்தார். ஹார்ட் அட்டாக் என்று கம்பெனி எழுதிக்கொள்ளும். எழுதட்டும்.

நேற்று மதியம். கும்மிடிப்பூண்டியில் நாங்கள் வேலை செய்யும் பிளாஸ்டிக் கம்பெனி, பேக்கிங் லைன். "நெஞ்ச அடைக்குதுப்பா" என்று என் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கான்ட்ராக்ட் ஆள் ஷிப்ட் நடுவில் வெளியே போக சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டும். சூப்பர்வைசர் மீட்டிங்கில். கதவைத் தட்டினேன்... "வெயிட் பண்ணு" என்றார்கள்.

கேட்டில் செக்யூரிட்டி தன் சேரைக் கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார். கேட்டை மட்டும் திறக்கவில்லை. அவரும் கான்ட்ராக்ட்தான்.

கையெழுத்து வந்தது. ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் அக்கா போய்விட்டார்.

இதைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் அக்கா என்றால் இது மட்டும் இல்லை.

கவரைப்பேட்டையில் எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு சர்ச் ஹால். ஷிப்ட் முடிந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு, அங்கே டியூஷன் எடுப்பார். தமிழ்ப் பிள்ளைகள், ஒடியா பிள்ளைகள், பீகார் பிள்ளைகள்... எல்லோர் வீட்டிலும் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு கம்பெனியில்.

அந்த ஹாலுக்குள் டால்பின் வந்தது ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் இருந்த படத்திலிருந்து. "இது இன்னா மீனு டீச்சர்?" என்று ஒரு பொண்ணு கேட்க, "டால்பின் மீன்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் வந்ததும் முதல் பேச்சே அதுதான். "நேத்து நான் சொன்னது தப்பு. அது மீனே இல்ல. நம்மள மாதிரி மூச்சு உடுது, குட்டி போட்டு பால் குடுக்குது."

பிள்ளைகளிடம் "நான் சொன்னது தப்பு" என்று சொன்ன டீச்சரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அதோடு விடவில்லை. போனில் வீடியோ பார்ப்பார், படிப்பார், டீ பிரேக்கில் எனக்கு ஒப்பிப்பார். சாயங்காலம் பிள்ளைகளுக்கு.

டால்பின் முழுசாகத் தூங்காதாம். பாதி மூளை தூங்கும், பாதி விழித்திருக்கும், ஒரு கண் திறந்தே இருக்கும். தூக்கத்திலும் மூச்சுவிட மேலே வர வேண்டுமே.

"அப்டின்னா எங்கப்பா டால்பின்னா டீச்சர்? நைட் ஷிப்ட் முட்ச்சிட்டு வந்து ஒரு கண்ண தொறந்துக்கினே தூங்குது."

ஹாலே சிரித்தது. அக்காவும் சிரித்தார். பிறகு சொன்னார்... "இல்லடி. டால்பினு அதுக்குன்னே பொறந்தது. உங்கப்பா ரெண்டு கண்ணையும் மூடித்தான் தூங்கணும்."

அப்புறம் அந்த விசில் கூத்து.

ஒவ்வொரு டால்பினுக்கும் தனி விசில் உண்டு, பெயர் மாதிரி. அதனால் பிள்ளைகள் ஆளுக்கொரு விசில் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். ஒரு வாரம் எங்கள் லைன் வீடுகள் முழுக்க விசில். ஒடியா பையனை அவன் அம்மாவே விசில் அடித்துத்தான் சாப்பிடக் கூப்பிட்டார்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா சண்டைக்கே வந்துவிட்டார். "இன்னா டீச்சரே, பொட்டப் புள்ளைங்களுக்கு விசில் அடிக்க கத்துக் குட்துக்கினு கீற? வெளக்கு வெச்ச நேரத்துல விசில் அடிச்சா ஊட்டுக்குள்ள பாம்பு வரும்!"

"வரட்டும் பெரிம்மா. அதுக்கும் டியூஷன் எடுக்கறேன்."

பெண் பிள்ளைகள் இன்னும் சத்தமாக அடித்தார்கள்.

ஒருநாள் நான் போனபோது அக்கா தரையில் நீட்டிப் படுத்திருந்தார். சீக்கு வந்த டால்பினால் மேலே வர முடியாதாம், மற்ற டால்பின்கள் அடியில் போய்த் தாங்கி மூச்சுவிடத் தூக்கிப் பிடிக்குமாம். "இப்ப நாந்தான் சீக்கு டால்பின். எல்லாம் வந்து தூக்குங்க."

ஒரு சாண் உயரம் தூக்கினார்கள். அதற்குள் சிரித்துக் கீழே போட்டுவிட்டார்கள்.

படத்தில் பார்த்தது போதாது, கடலில் காட்ட வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். பழவேற்காட்டில் ஒரு மீன்காரர் "டால்பினா? நாங்க ஓங்கில்னு சொல்லுவோம். வெடிகாலைல வலை பின்னாடியே வரும், கரைல நின்னாலே சில நாள் தெரியும்" என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்தில் கடல். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் பார்த்ததே இல்லை.

கம்பெனி ஷிப்ட் பஸ் ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் நிற்கிறது. அதைக் கேட்க அக்கா எச்ஆரிடம் போனார். துணைக்கு நானும்.

"டால்பின் கண்டிப்பா வருமாம்மா?" என்றார் எச்ஆர் சார், கிண்டலாக.

"வந்தா வரும், வராமயும் போகும் சார். அது கடலு. ஷிப்ட் இல்ல."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பாக்கலாம்மா" என்றார். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் "பாக்கலாம்மா". அக்கா கேட்பதை விடவில்லை. போன வாரம்கூடக் கேட்டார்.

இன்று சாயங்காலம் அடக்கம். ஆட்களைக் கூட்டிவர கம்பெனியே பஸ் அனுப்பியது. யாரும் கேட்காமலே.

சர்ச் வாசலில் பஸ் வந்து நின்றதும் ஒரு வாண்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அண்ணா, பஸ் குட்துட்டாங்களா? கடலுக்குப் போறமா?"

அவன் அம்மா அவன் வாயைப் பொத்தினார்.

எஸ்தர் அக்கா... திங்கட்கிழமை லைனில் உங்கள் இடத்தில் வேறு ஆள் நிற்பார். வேலை ஓடும். எனக்குத்தான் டீ பிரேக்கில் ஒப்பிக்க ஆள் இல்லை. வரேன்க்கா.

எச்ஆர் சார், மாலை வைத்துவிட்டு வெளியே வந்தபோது உங்களிடம் நேரில் கேட்டேன். போன் வந்த மாதிரி நகர்ந்துவிட்டீர்கள். வாட்ஸ்அப்பில் கேட்டேன். ப்ளூ டிக் விழுந்தது, அவ்வளவுதான். அதனால் இங்கே பேஸ்புக்கில், எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்.

வருகிற ஞாயிறு விடிவதற்குள் அந்த பஸ் சர்ச் ஹால் வாசலில் நிற்க வேண்டும். டிரைவர் அண்ணன் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் ரெடி.

"பாக்கலாம்" வேண்டாம் சார். பஸ் வருமா, வராதா? பதில் போடுங்க.