பக்கவாட்டு வெயில்

பருத்திப்பட்டு ஏரிக்குப் போகும் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்காவின் பெயரை நான் கேட்டதில்லை. ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிய கொண்டை. தேய்த்த சட்டையை மடிப்பதற்கு முன், மாலை வெயில் பக்கவாட்டில் விழும்படி ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். தப்பிய கசங்கல் அதில் தெரிந்துவிடும்.

வேலைக்காக இங்கே தனி அறையில் தங்கியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் புகைப்பட வகுப்பு. நன்கு தெரிந்த ஒருவரின் முகத்தை எடுத்துவரச் சொன்னார்கள். இந்த ஊரில் என்னை "சாப்டியாம்மா?" என்று கேட்கிறவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது.

"முகத்தை அந்தப் பக்கம் திருப்புங்கக்கா. பாதி நிழல்ல இருந்தாதான் படத்துல ஆழம் வரும்."

"நேரா நின்னா நல்லா கீறேனா, இப்படி நின்னா நல்லா கீறேனா?"

"இப்படித்தாங்க்கா."

வகுப்பில் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டினார்கள். பெருமையோடு ஒரு பிரதியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்த்துக்கொண்டே கன்னத்தைத் தடவினார்.

"இன்னாம்மா, மூஞ்சில இவ்ளோ கோடா கீது? சட்டைன்னா இன்னொரு வாட்டி தேச்சுடலாம்," என்று சிரித்தார்.

இப்போதும் சட்டைகளை அப்படித்தான் தூக்கிப் பார்க்கிறார். "சாப்டியாம்மா?" என்றும் கேட்கிறார். கேட்கும்போது மட்டும் வெயிலுக்கு நேராகத் திரும்பி, கண் கூச நின்றுகொள்கிறார், என் கையில் கேமரா இல்லாத நாட்களிலும்.