கரண்ட் போனால் கும்பிடும் பொம்மை

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுப் பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, நீ ஜவுளிக்கடைக்காரர் மகதான? ஒங்க தெருவுல, கடைக்கு எதுத்தாப்புல இருந்த டிரான்ஸ்பார்மர்ல பியூஸ் புடுங்குன லைன்மேன் நாந்தான்."

தொண்ணூறுகளில், பாலிடெக்னிக் படித்தபோது, அப்பாவின் கடை வாசலுக்கு நான் ஒரு பொம்மை செய்தேன். ஆள் வந்தால் சர்வோ மோட்டார் அதன் கைகளைக் கூப்ப வேண்டும். கரண்ட் போனால் கைகள் அந்தரத்தில் நிற்காமல் இறங்குவதற்காக, கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு கெப்பாசிட்டரும் வைத்தேன்.

நடந்தது தலைகீழ். கரண்ட் இருக்கும்வரை கை வெடவெடவென்று நடுங்கும். போனதும், கெப்பாசிட்டரில் மிச்சமிருப்பதை வைத்து அழகாக ஒரு கும்பிடு போடும்.

"ஏட்டி, ஆள் வந்தா கும்புடச் சொன்னா, இது கரண்ட் போனால்ல கும்புடுது!" என்று அப்பா கத்தினார்.

வயரை மாற்றினேன். ஈயத்தை உருக்கி மறுபடி ஒட்டினேன். கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினேன், கும்பிடுதான் நீண்டது. கோளாறு மட்டும் பிடிபடவில்லை. நல்லவேளை, தெருவில் அடிக்கடி கரண்ட் போனதால் சோதித்துப் பார்க்க வசதியாக இருந்தது.

பெரியவர் சிரித்தார்.

"பியூஸப் புடுங்குனா ஊரே என்னைய ஏசும். ஒம் பொம்மை மட்டுந்தான் எனக்குக் கும்புடு போட்டுச்சு. மனசு சரியில்லைன்னா, செத்த நேரம் புடுங்கிவிட்டு அதப் பாத்துட்டுப் போவேன்."

அந்தத் தெருக்காரர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

இருந்தால், மேலே எழுதியதை மறந்துவிடுங்கள்; பொம்மையைச் செய்தது நானில்லை, என் தம்பி.