"சாப்டீங்களா மேடம்?"

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் போனில் மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. ஓசூரில் கம்பெனி பஸ் ஓட்டும் ஒருவர், புதன்கிழமைதோறும் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, காலி பஸ்ஸில் உட்கார்ந்து என்னிடம் பேசுவார். வீட்டில் தனக்குத் தனித் தட்டு வைத்துவிட்டார்கள் என்று ஒருநாள் அழுதார்.

"சேந்து சாப்ட்டா ஒட்டிக்காதுங்க. வீட்ல எடுத்துச் சொல்லுங்க" என்றேன்.

எவ்வளவு அழுதாலும், போனை வைக்கும் முன் "சாப்டீங்களா மேடம்?" என்று கேட்காமல் இருக்கமாட்டார். "ஆச்சுங்க, தயிர்சோறும் மாம்பழமும்" என்றேன் ஒருமுறை. மாம்பழம் என்றால் எனக்கு உயிர் என்றும் சொல்லிவைத்தேன்.

அந்த வாரமே வேலையாக ஓசூர் போனேன். வருவதைச் சொல்லியிருந்ததால், அவர் பஸ் ஸ்டாண்டில் வந்து பார்த்தார். கனத்த குரலுக்குப் பொருந்தாத ஒல்லி உடம்பு, மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை. டிபன் டப்பாவைத் திறந்தார். நறுக்கிய மாம்பழம். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

"எங்க நாகரசம்பட்டி தோட்டத்துதுங்க மேடம். எடுத்துக்கங்க."

சாறு வழிந்த அவர் விரல்களைப் பார்த்தேன். என் கை எழவில்லை.

"மாம்பழம் எனக்கு ஒத்துக்காதுங்க" என்றேன்.

என் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். "பரவால்லீங்க மேடம்" என்று மூடியை அழுத்தி மூடினார்.

அடுத்த புதன்கிழமையும் நேரம் தவறாமல் கூப்பிட்டார். மாத்திரை, தூக்கம் எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். "வெச்சிடறேங்க" என்றார்.

நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. லைன் போன பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.