வீட்டுக்கு இல்லை, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு

பயணக் காப்பீட்டு நிறுவனத்தின் அவசர உதவிப் பிரிவில் பதினோரு வருடமாகப் போன் எடுப்பவள் அவள். வெளியூரில் விழுந்தவர்கள், மயங்கியவர்கள், அவர்களுடைய பதறிப்போன உறவினர்கள் எல்லோரும் அவள் காதில்தான் வந்து அழுவார்கள். 'அவசர மருத்துவ இடமாற்றம்' என்று பாலிசியில் இருந்தால் விமானம் வந்து வீட்டு வாசலில் இறக்கிவிடும் என்றே எல்லோருக்கும் நினைப்பு. அப்படி இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கே தேய்ந்துவிட்டது.

அன்று காலை பதினொரு மணி அழைப்பில், அண்ணியோடு சுற்றுலா போயிருந்த அண்ணனின் குரல்.

"உங்க அண்ணி படகுத்துறைப் படியில வழுக்கி விழுந்துட்டாம்மா. இடுப்பெலும்பு உடைஞ்சிருச்சு. இந்தத் தீவுல எலும்பு டாக்டரே இல்ல. உடனே பிளேன் அனுப்பு, வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடறேன்."

அம்மா போனபின் அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிய அண்ணி. ஆனாலும் வாய் பழகிய பாட்டையே பாடியது.

"வீட்டுக்கு இல்லண்ணா. அந்த ஆபரேஷன் பண்ற ஆஸ்பத்திரி பக்கத்துல எங்க இருக்கோ, அங்கதான் கொண்டுபோவாங்க. இங்க பார்க்க முடியாதுன்னு அங்க இருக்கற டாக்டர் எழுதித் தரணும்."

"நீ என் தங்கச்சியா, கம்பெனிக்காரியா? நானே பிளேன் பேசிக்கறேன், வை!"

"வைக்காதீங்க! எங்ககிட்ட கேக்காம நீங்களா ஏற்பாடு பண்ணினா பாலிசி ஒத்துக்காது. டாக்டர்கிட்ட போனைக் குடுங்கண்ணா."

முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். டாக்டரிடம் பேசி, கடிதம் வந்ததும் கோப்பைப் பக்கத்து இருக்கைக்காரியிடம் ஒப்படைத்தாள். சொந்தக்காரர் கோப்பைத் தானே பார்க்கக்கூடாது என்பது விதி. பிறகு, பெட்டி தொலைத்த ஒருவரின் புலம்பலை அரைமணி நேரம் கேட்டாள். கண் மட்டும் பக்கத்து இருக்கைத் திரையிலேயே இருந்தது.

மூன்று மணிக்குப் பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்த்தாள். "ஹெலிகாப்டர் இறங்கிருச்சு. கரையோர ஊர்ல பெரிய ஆஸ்பத்திரி. சாயங்காலம் ஆபரேஷன்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொன்ன பிறகே, மூன்று வாரம் கழித்து அண்ணி வீடு வந்தாள்.

பார்க்க வந்தவர்களிடம் அண்ணன் பெருமையடித்தார். "ஒரே போன்ல ஹெலிகாப்டரை வரவழைச்சிட்டா என் தங்கச்சி!"

"அவமேல கத்தினதையும் சொல்லுங்க" என்றாள் அண்ணி, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தபடி.

வேலை முடிந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்திருந்த தங்கை, ஹெலிகாப்டர் டாக்டர் கடிதத்தால் வந்தது என்று திருத்த வாயெடுத்தாள். வீட்டிலுமா இந்தப் பாட்டு என்று அலுப்பாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.