கடப்படி வரை வரும் கறி வாசம்

எங்கள் ஊரில் ஐம்பதைத் தாண்டிய ஆண் ஒருவர் தூக்கத்தில் கத்தினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு வீட்டுக்காரர் கத்துவார், அடுத்த வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து அழுவார், விடிந்ததும் எல்லோரும் ஒன்றும் நடக்காததுபோல் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டு நிற்பார்கள். பழைய யுத்த காலம் உள்ளே கிடந்து புரளுகிறது என்று நாங்களே ஒரு காரணம் வைத்திருக்கிறோம். என் கணவர் தூக்கத்தில் கத்தத் தொடங்கியபோது நானும் அதையே நினைத்தேன். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். ஒன்றையாவது கவனித்திருக்க வேண்டும். ஷெல் விழுந்த காலத்தில்கூட இந்த மனிதர் அடித்துப்போட்டதுபோலத் தூங்கியவர். அன்றைக்குக் கத்தாதவர் இப்போது ஏன் கத்துகிறார் என்ற கேள்வி என் மண்டையில் ஏறவே இல்லை.

அவர் விவசாயி. வீடு களுதாவளைப் பக்கம் என்றாலும் வயல் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். விடியுமுன் மோட்டார் சைக்கிளோடு பாதையில் ஏறுவார். ஆட்களையும் வாகனங்களையும் வாவிக்குக் குறுக்கே ஏற்றிப்போகும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். வெயில் சாயத் தொடங்கும்போது அதே பாதையில் திரும்பி வருவார். அந்தப் பக்கத்து வயல் வட்டைகளில் யானைத் தொல்லை அதிகம். அதனால் அவருடைய கனவிலும் எப்போதும் யானைதான். காலையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே கதை சொல்லுவார்.

"ராவு முழுக்க யானையோட மல்லுக்கட்டிக் களைச்சுப்போனன் புள்ள."

"ஆர் வெண்ட? நீங்களா, யானையா?"

"எங்க வெல்ல விட்டாய்? அதுக்குள்ள நீ தட்டி எழுப்பிட்டாய்."

சிரிப்போம். அவருடைய அக்கா, என் மச்சாள், யானையைக் கண்டு பயந்திருக்கிறான் என்று சொல்லி ஒரு நூலை மந்திரித்துக் கொண்டுவந்து கையில் கட்டிவிட்டார். நான் முகத்தைச் சுளித்தேன். ஆனால் அவிழ்க்கச் சொல்லவில்லை.

அவருக்கு இன்னொரு விளையாட்டும் உண்டு. அது கலியாணம் முடித்த காலத்திலிருந்தே வருகிறது. வயலால் திரும்பி வந்தால் வாசல் கேற்றடியில், நாங்கள் சொல்வதுபோல் கடப்படியில், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மூக்கை உயர்த்தி அன்றைய கறி என்னவென்று சொல்லுவார். சூரை என்றால் சூரை, நண்டு என்றால் நண்டு. பெரும்பாலும் பிழைக்காது. "சாப்பாட்டு ராமன்" என்று நான் உள்ளே இருந்து திட்டுவேன். அந்தத் திட்டையும் கேட்டால்தான் அவர் செருப்பைக் கழற்றுவார்.

பிறகு அந்த இரவு வந்தது. கனவில் யானையை நோக்கி வீசிய கை என் முகத்தில் விழுந்தது. கண்ணுக்குக் கீழே எலும்பில் ஏதோ நொறுங்கியதுபோல் இருந்தது. நான் அலறியும் அவர் எழும்பவில்லை. கண்ணை மூடியபடி "ஓய், ஓய்" என்று மறுபடியும் கையை ஓங்கினார். நான் கட்டிலிலிருந்து உருண்டு தரையில் விழுந்து லைட்டைப் போட்டபோதுதான் விழித்தார். என் முகத்தைப் பார்த்தார். யார் அடித்தது என்று கேட்டார்.

வீங்கிய முகத்தோடு ஒரு பெண் எங்கள் ஊரில் வெளியே போனால் என்ன நினைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஆசிரியர் அறையில் எல்லோரும் திடீரென்று என்னோடு மெதுவாகப் பேசினார்கள். இளம் ஆசிரியை ஒருத்தி பெண்களுக்கு உதவும் இடமொன்றின் தொலைபேசி இலக்கத்தை என் கைப்பைக்குள் திணித்தாள். தூக்கத்தில் அடித்துவிட்டார் என்று நான் சொல்லச் சொல்ல அவர்களுடைய இரக்கம் கூடிக்கொண்டே போனது. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவருக்கோ தலை நிமிரவில்லை. வாழ்க்கையில் என்னை நோக்கி ஒரு சொல்கூட உரத்துச் சொல்லாத மனிதர் கோயிலுக்குப் போவதையே விட்டார்.

வைத்தியசாலையிலும் அதே கதைதான். காயத்தைப் பார்த்த பெண் வைத்தியர் முதல் வேலையாக அவரை வெளியே அனுப்பிவிட்டு, அடித்தது அவர்தானா என்று என்னிடம் கேட்டார். நான் யானைக் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், அவர் சிரிக்கவில்லை. எத்தனை காலமாக, கனவை அப்படியே நடித்துக் காட்டுகிறாரா, எழுப்பினால் கனவு ஞாபகம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு நரம்பு வைத்திய நிபுணரிடம் போகச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்.

நிபுணர் எங்கள் மகன் வயதுதான் இருப்பார். அவர் விளங்கப்படுத்தியதை நான் வகுப்பில் ஒருநாளும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். கனவு வரும் தூக்கத்தில் மூளை விழித்திருக்கும்போதுபோலவே வேலை செய்யுமாம். ஆனால் உடம்பு அசையாமல் இருக்க, மூளையின் அடித்தண்டிலிருந்து தசைகளுக்கு ஒரு கட்டளை போகுமாம். நாங்கள் கனவில் ஓடியும் கட்டிலில் கிடப்பது அதனால்தானாம். இவருக்கு அந்தக் கட்டளை சரியாகப் போகவில்லை.

"ஐயா வயல் செய்யிறவர்தானே. குளத்துத் துருசைப் பூட்டினா வாய்க்காலில தண்ணி வராது. உங்கட துருசு சரியாப் பூட்டுதில்ல. கனவு கை காலுக்கு ஓடி வருகுது. அவ்வளவுதான்."

அவர் தலையாட்டினார். துருசு, அதாவது மதகு, என்றதும் அவருக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. பழுதான துருசைத் திருத்தலாம்தானே.

நிபுணர் பேனையை மூடி வைத்தார்.

"இன்னொண்டும் சொல்ல வேணும். இப்படி இருக்கிற ஆக்களில கனபேருக்கு, வருஷக்கணக்குப் போன பிறகு நடுக்குவாதம் வந்திருக்கு. கை நடுங்கும், நடை தளரும். எல்லாருக்கும் வரும் எண்டில்ல. எப்ப வரும் எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது. அதுதான் இடைக்கிடை வந்து காட்டுங்க."

அவர் தன் கைகளை மடியிலிருந்து எடுத்துக் கதிரைக்குப் பக்கவாட்டில் தொங்கவிட்டார்.

"மணம் எப்படி?" என்று நிபுணர் கேட்டார். "முன்னப்போல மணக்கிதா? சில பேருக்கு முதல்ல மூக்குத்தான் போகும்."

அவர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். எப்போதும் அப்படித்தான், அவரிடம் கேட்கும் கேள்விக்குப் பதில் என் வாயிலிருந்துதான் வரும்.

"இவருக்கா டொக்டர்? கடப்படியில நிண்டுகொண்டே சட்டிக்குள்ள கிடக்கிற மீன்ட பேரைச் சொல்லுவார்."

நிபுணர் சிரித்தார். "அப்படியா ஐயா?"

அவர் என்னைப் பார்த்தார். வழக்கமாகப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம்.

"ஓம் டொக்டர்" என்றார்.

தூக்கத்துக்கு ஒரு குளிசை கிடைத்தது. இருட்டானதும் மூளை தானே சுரந்து, இனி இரவு என்று உடம்பின் கடிகாரத்துக்குச் சொல்லும் பொருள்தானாம் அது. அதையே வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். மெத்தையைத் தரையில் போடச் சொன்னார்கள், கண்ணாடி அலுமாரியைத் தள்ளி வைக்கச் சொன்னார்கள். தனித்தனியாகப் படுப்பது நல்லது என்றும் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். நடுவில் தலையணையை அடுக்கினால் போதும் என்றேன். அவர் கேட்கவில்லை, பாயைச் சுருட்டிக்கொண்டு ஹோலுக்குப் போய்விட்டார்.

"விடிய எழும்பி உன்ர முகத்தைப் பாக்க எனக்குப் பயமா இரிக்கி" என்றார்.

குளிசை வேலை செய்தது. சத்தம் குறைந்தது, பிறகு பெரும்பாலும் நின்றே போனது. நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் என் தூக்கம் போய்விட்டது. அவர் கத்திக்கொண்டிருந்த வரை யானை மட்டும்தான் எதிரி. சத்தம் அடங்கியபின் சத்தமில்லாமல் வரக்கூடிய ஒன்றுக்காகக் காது கொடுத்துக் கிடந்தேன்.

தொலைபேசியில் தேடித் தேடி வாசித்தேன். இப்படித் தூங்குகிறவர்களைப் பல நாடுகளில் ஆராய்ச்சியாளர்கள் வருடக்கணக்கில் பின்தொடர்கிறார்களாம். கை நடுங்குவதற்கு வெகு முன்பே நோய் எங்கே தொடங்குகிறது என்று பிடிக்கப் பார்க்கிறார்களாம். மூளையில் ஒரு புரதம் சரியாக மடியாமல் கட்டிபட்டுப் போகிறது; பலரில் அது மணத்தை அறியும் இடத்திலோ அடித்தண்டிலோ முதலில் தொடங்கி, மெதுவாக அசைவுக்குரிய இடத்துக்குப் போகிறது என்று சொல்கிறார்கள். அதை வழியில் நிறுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. இதையெல்லாம் கண்டுபிடித்த மனித மூளையை நினைத்து வேறொரு நாளில் என்றால் புல்லரித்திருப்பேன். அப்போது தொலைபேசியைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்றிருந்தது. விஞ்ஞானம் எனக்குத் தந்தது ஒரு ஜன்னலை மட்டும். அதற்குள்ளால் பார்க்கலாம், கையை நீட்ட முடியாது.

ஆகவே பார்த்தேன். தேத்தண்ணீர்க் கோப்பையைத் தூக்கும் கையைப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் பூட்டும் விரலைப் பார்த்தேன். பிள்ளையார் கோயிலுக்கு மறுபடியும் வரத் தொடங்கியபோது நான் வேண்டுமென்றே பின்தங்கி நடந்து, இரண்டு கையும் ஒரேமாதிரி வீசுகின்றனவா என்று பார்த்தேன். ஒருநாள் இடது கை வீசவில்லை. என் கால் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அந்தக் கைக்குள் தேங்காயை அணைத்துப் பிடித்திருந்தார்.

"என்ன புள்ள, மாப்பிள்ளை பாக்க வந்த ஆக்கள்போலப் பாக்கிறாய்?" என்றார்.

"நடையில ஒரு குறையும் இல்ல. சீதனத்தைப் பேசலாம்" என்றேன். தேங்காயை நான் வாங்கிக்கொண்டு அவரை முன்னால் நடக்கவிட்டேன்.

அந்த மாதங்களில் நான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது அவருடைய மூக்கைத்தான். ஒவ்வொரு நாளும் கடப்படியில் மோட்டார் சைக்கிள் நிற்கும்போது என் மூச்சும் நின்றுவிடும். "புள்ள, கீரிமீன் சொதி" என்பார். கீரிமீன் சொதியாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமையில் "இண்டைக்குப் பருப்பு" என்பார். பருப்பேதான். மூக்கு இருக்கிறது, ஆகவே மூளை நன்றாக இருக்கிறது என்று என்னையே நான் தேற்றிக்கொள்வேன். அன்றைக்கு இரவு கொஞ்சம் தூக்கமும் வரும்.

காலையில் ஐஸ் பெட்டியோடு வரும் மீன்காரர் ஒருநாள் சொன்னார்: "ரீச்சர் இண்டைக்கு என்ன மீன் எடுத்த எண்டு அண்ணன் பின்னேரம் என்னைப் பாதையடியில கண்டாக் கேட்கிறவர். கொஞ்சநாளா அவருக்குச் சாப்பாட்டு நினைப்புத்தான்." நானும் சிரித்துவிட்டு மீன் சட்டியை உள்ளே கொண்டுபோனேன். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அன்று பாடசாலையில் கூட்டம். முடிந்து வீடு வரும்போது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. காலையில் வாங்கிய இறால் குளிர்சாதனப் பெட்டியில் அப்படியே கிடந்தது. தலையிடி வேறு. சோற்றுக்கு அரிசிகூடக் களையவில்லை. அடுப்பு மூட்டவில்லை, ஒரு வெங்காயம்கூட வெட்டவில்லை. குசினிக்குள் கழுவிக் கவிழ்த்த சட்டிகள்தான் இருந்தன. இறாலை எடுத்துத் தண்ணீரில் போட்டபோது கடப்படியில் மோட்டார் சைக்கிள் நின்றது.

"புள்ள, இறால் கறி. கடப்படி வரைக்கும் மணக்கிது."

நான் அணைந்து கிடந்த அடுப்பைப் பார்த்தேன். ஏதாவது சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தால் அவருக்கு விளங்கிவிடும். சாப்பாட்டு ராமன் என்று வழக்கம்போல் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. கதவை உள்ளே தாளிட்டுக்கொண்டு அவசர அவசரமாக வெங்காயத்தை வதக்கினால் என்ன என்றுகூட நினைத்தேன்.

திட்டுக் கேட்காததால் அவர் நேரே குசினி வாசலுக்கு வந்துவிட்டார். செருப்புக்கூடக் கழற்றவில்லை. தோலுரிக்காத இறாலைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வைத்தியசாலையில் பார்த்த அதே பார்வை.

பிறகு என் எதிரே பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஓர் இறாலை எடுத்தார்.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"டொக்டரிட்டப் போறதுக்கு முதலே. நீ அவ்வளவு சந்தோஷமாச் சொன்னாய். அதுக்கு மறுகா எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரல்ல."

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்குக் கொரோனா வந்ததுதானே? அதுக்குப் பிறகு கனபேருக்கு மணம் திரும்பி வரல்ல. அதுவாத்தான் இருக்கும்."

"ஓம்" என்றார் உடனேயே. "அதுவாத்தான் இருக்கும்."

அவர் இறாலின் தலையைக் கிள்ளி எறிந்து, தோலை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை நகத்தால் இழுத்து எடுத்தார். அடுத்ததை எடுத்தார். நான் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது, அவரும் அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.